புதுச்சேரியில் நான் பேசாமல் எடுத்த வகுப்பு

இங்கே என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், விடுமுறைக்கு எங்காவது போய் வந்தால்தான் நான் எழுத உட்காருவேன். இந்த முறை போனது வேலை விஷயமாக. கடந்த ஆகஸ்டில், ஆரம்பப் பள்ளிக் கணிதம் பற்றிய ஐந்து நாள் பயிற்சிக்காகப் புதுச்சேரி போனேன். தங்கிப் படிக்க வேண்டிய பயிற்சி. ஒரு கல்வி அறக்கட்டளை நடத்தியது. தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் முப்பத்திரண்டு ஆசிரியர்கள் வந்திருந்தோம். இப்படி ஒரு பயிற்சிக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று வழி, நேரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இரண்டு பெண்கள். அவர்களைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்தே குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் குடித்துப் பார்த்தேன். ஜூலையில் டாக்டரிடம் போனபோது, தொண்டையில் குரல் வரும் இடத்தில் அரிசி அளவுக்கு இரண்டு தடிப்பு இருப்பதாகச் சொன்னார். "பேச்சைக் குறைங்க. கத்தவே கூடாது. குறையலைன்னா ஆபரேஷன் பண்ற மாதிரி ஆயிடும்" என்றார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கத்தாமல் எப்படி இருப்பது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார்.

கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியருக்குத் தெரிந்தால் என் வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று பயம். குரல் போன டீச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தது ஏப்ரலிலேயே. நான்காம் நாள் ஒவ்வொருவரும் உண்மையான பிள்ளைகளுக்கு முப்பது நிமிடம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்பார்களே என்றுதான் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1.20க்குத் திருவண்ணாமலையில் பஸ் ஏறினேன். செஞ்சி, திண்டிவனம் வழி. சுமார் 105 கிலோமீட்டர், டிக்கெட் 85 ரூபாய். 4.40க்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து விடுதி நகரத்தின் வடக்குப் பக்கம், வைத்திக்குப்பம் கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடை. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். நான் பேரம் பேசாமல் விரலால் நூற்றிருபது காட்டினேன். ஒத்துக்கொண்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர் சந்தையைத் தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்னாக்கா, கோவமா? வாயே தெறக்க மாட்றீங்க. முப்பது ரூபாதான கொறச்சிகினேன்?"

நான் சிரித்துத் தலையாட்டினேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

விடுதி அறைக்கு மூன்று பேர். இரும்புக் கட்டில்கள், ஒரு மின்விசிறி, கடல் காற்று வரும் ஒரு ஜன்னல். எனக்கு முன்பே இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அஞ்சலை, முப்பத்தெட்டு வயது, விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம். காலையில் இரண்டு மாட்டில் பால் கறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறவர். அவர் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறையில் அவர் "தண்ணி புடிக்கப் போறேன்" என்றால் கீழே சமையலறையில் இருப்பவர்கள் "சரி" என்பார்கள். பொறாமையாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

இன்னொருவர் ஜோசபின் டீச்சர். ஐம்பத்து நாலு வயது. அவர் வீடு ரெட்டியார்பாளையத்தில். விடுதியிலிருந்து ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் தங்கித்தான் படிக்க வேண்டும் என்பது விதி. ஆறு கிலோமீட்டருக்குச் சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு வந்திருந்தார். "கல்யாணமாகி இருபத்தொம்பது வருசம். தனியா ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல மிஸ்" என்று சொல்லும்போதே அவர் முகத்தில் குஷி. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாலும் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். அவருடைய அப்பா பிரெஞ்சு படித்தவர், வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்றார். அவர் கணவர் அன்று மாலையே ஸ்கூட்டரில் வாசலுக்கு வந்துவிட்டார், குக்கருக்கு எத்தனை விசில் வைப்பது என்று கேட்க. "போன்ல கேக்கக் கூடாதா?" என்றார் ஜோசபின் டீச்சர். கணவர் ஒரு டப்பா மீன் குழம்பை நீட்டினார். பக்கத்து வீட்டில் கொடுத்ததாம்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. முதல் வேலையே எனக்கு வில்லங்கமாக வந்து சேர்ந்தது. இரண்டிரண்டு பேராகப் பத்து நிமிடம் பேசி, பிறகு ஒருவரை ஒருவர் சபைக்கு அறிமுகம் செய்ய வேண்டும். என் ஜோடி அஞ்சலை. அவர் தன் ஊர், மாடு, மாமியார், வகுப்பில் இருக்கும் இரட்டையர்கள் எல்லாவற்றையும் சொன்னார். என்னைக் கேட்டபோது ஒற்றை வார்த்தைகளில் பதில் சொன்னேன். மிச்சக் குரலை மேடைக்குச் சேர்த்து வைத்திருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரியும்?

அவர் எழுந்து நின்று, "இவங்க பேரு தேவகி. திருவண்ணாமலப் பக்கம். மூணாங்கிளாஸ் எடுக்கறாங்க. மத்தபடி எங்கிட்ட பேசறதுக்கு அவங்களுக்கு ஒண்ணும் இல்ல போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் முறை. நான்கு வாக்கியம் பேசினேன். மூன்றாவது வாக்கியத்தில் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. கூச்சம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அஞ்சலை அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டில் வேறு மேசைக்குப் போய்விட்டார். திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட்டார், அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஜோசபின் டீச்சர்தான் எங்கள் இருவரையும் எழுப்பி, "வாங்க, போட்டுங்க கரைக்கு வர்றதப் பாக்கலாம்" என்று இழுத்துப் போனார். 5.50க்கு வைத்திக்குப்பம் கரையில் இருந்தோம். (இந்த ஊருக்குப் போகிறவர்கள் வழக்கமான கடற்கரைச் சாலையோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் வடக்கே நடந்தால் போதும். காலை ஆறிலிருந்து ஏழரை வரை கரையிலேயே மீன் விற்பார்கள்.) பைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பெண்கள் அலுமினிய அன்னக்கூடைகளோடு நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை டீ வாங்கப் போனார். ஜோசபின் டீச்சர் வலைகளுக்கு நடுவில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு படகை மேலே இழுக்க டிராக்டரில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு தொளதொளவென்று மணலில் கிடந்தது. டிராக்டர் உறுமத் தொடங்கியபோதுதான் பார்த்தேன், ஜோசபின் டீச்சரின் கணுக்காலுக்குப் பின்னால் அந்தக் கயிறு. அவர் கடலைப் பார்த்து நிற்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம், ஒரு குவியல் வலை. "ஜோசபின் டீச்சர்!" என்று முழு பலத்தோடு கத்தினேன்.

ஒன்றும் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தினேன். வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பெல்லாம் இழுக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. கயிறு மணலை விட்டு எழுந்தது.

"ஏய் ஜோசபின் டீச்சர்! காலு! கால எடு!"

அஞ்சலையின் குரல். டீக்கடையிலிருந்து, எழுபது அடி தூரத்திலிருந்து. டிராக்டர் சத்தத்தையும் ஏலச் சத்தத்தையும் தாண்டி வந்தது. ஜோசபின் டீச்சர் துள்ளிக் குதித்து முன்னால் விழுந்தார். கயிறு விர்ரென்று அவர் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்தது. டிராக்டர் ஓட்டியவர் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

முழங்கையில் சிராய்ப்பு, போனில் மணல். வேறொன்றும் ஆகவில்லை. அஞ்சலை வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பக்கத்துல நின்னு பாத்துகினு இருக்கறீங்களே! ஒரு சத்தம் குடுக்க மாட்டீங்களா? அப்பிடி என்னாங்க உங்களுக்கு?"

நான் அழுதுவிட்டேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. போனை எடுத்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். டாக்டர், தடிப்பு, ஆபரேஷன், வகுப்பு போய்விடும் என்ற பயம். ஜோசபின் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அஞ்சலை என் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தார்.

"நேத்து நான் அப்பிடி சொன்னது தப்பு" என்றார் அஞ்சலை. பிறகு, "இன்னிலேர்ந்து நீங்க பேசக் கூடாது. என்னா வேணும்னாலும் எழுதிக் காட்டுங்க, நான் பேசறேன். எனக்குதான் இருக்குதே, ஊருக்கே பத்துற அளவுக்கு" என்றார். அதோடு "டீச்சர்" போய் "அக்கா" ஆனது. அதற்குப் பிறகு அஞ்சலையை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இனி அவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பயிற்சி நடத்துபவர்களிடம் சொல்லிவிடலாம் என்றார் ஜோசபின் டீச்சர். நான் வேண்டாம் என்று எழுதினேன். "சொன்னா என்ன செய்வாங்க? நம்மளக் கடிச்சா தின்னுடுவாங்க?" என்று கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். "சரி, உங்க விஷயம், நீங்கதான் சொல்லணும்" என்று விட்டுவிட்டார். ஆனால் மதிய இடைவேளையிலெல்லாம் ஒரு கேள்வியோடு என்னைப் பார்ப்பார்.

செவ்வாயும் புதனும் மாலை ஐந்தரைக்கு மேல் எங்கள் அறையே வகுப்பறை. வியாழக்கிழமைப் பாடத்துக்கு நான் கழித்தலை எடுத்திருந்தேன், கடன் வாங்கிக் கழிப்பது. ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். நூறு குச்சி நாற்பது ரூபாய், சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஜோசபின் டீச்சர் வாங்கி வந்தார். இரண்டு பேர் சேர்ந்தும் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் நானும் அஞ்சலையும் சேர்ந்து எடுப்பது என்று திட்டம். நான் குச்சியும் பலகையும், அவள் பேச்சு. ஜோசபின் டீச்சர் மாணவி. அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார், "ஒண்ணுக்குப் போகணும் மிஸ்" என்று எழுந்து நிற்பார். வாசலில் அவர் கணவர் வந்து காத்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னபோது, "கிளாஸ் நடக்குதுன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு மாலைகளில் சிரித்த அளவுக்கு இந்த வருடம் வேறெப்போதும் நான் சிரிக்கவில்லை, சத்தமில்லாமல்தான்.

வியாழன் காலை எங்களை நான்கு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் குழுவை 9.15க்கு, நடந்தே போகும் தூரத்தில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே போனதும் திட்டம் கவிழ்ந்தது. நேரம் போதாது, அதனால் யாரும் சேர்ந்து எடுக்க வேண்டாம், தனித்தனியாக ஒரே சமயத்தில் இரண்டு வகுப்பு என்று பயிற்சியாளர் மாற்றிவிட்டார். எனக்கு மூன்றாம் வகுப்பு. அஞ்சலைக்குப் பக்கத்து அறையில் நான்காம் வகுப்பு.

"நான் போய் சார்கிட்ட முடியாதுன்றேன்" என்று கிளம்பினாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயம் இருந்தது. ஆனால் இரண்டு நாளாக என்னைத் தாங்கிக்கொண்டிருந்தவளை இன்னும் இழுத்தடிக்க மனம் வரவில்லை. போ என்று சைகை காட்டினேன். அவள் இரண்டடி போய்த் திரும்பினாள்.

"எதுனா ஆச்சுன்னா செவுத்தத் தட்டுங்கக்கா. அந்தாண்டதான் இருக்கறேன்."

இருபத்தாறு பிள்ளைகள். பின்னால் பெஞ்சில் பயிற்சியாளர், அவருக்குப் பக்கத்தில் பார்வையாளராக ஜோசபின் டீச்சர். பிள்ளைகள் வணக்கம் பாடி முடித்து என் வாயையே பார்த்தார்கள். நான் பலகையில் எழுதினேன்: "இன்று நான் பேச மாட்டேன். நீங்கள்தான் பேச வேண்டும்." முதல் வரிசையில் இருந்த யாழினி என்ற பெண் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். பிறகு ஒருவன், "மிஸ், நெசமாவா?" என்றான். தலையாட்டினேன். அவ்வளவுதான், அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

52 - 27 என்று எழுதி, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் மேசையில் வைத்தேன். சாக்பீஸைக் கிஷோர் என்ற பையனிடம் நீட்டினேன். அவன் வேகமாக 35 என்று போட்டான். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். இந்தத் தப்பைப் பதினான்கு வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த நொடியே வாயைத் திறந்து சரியான வழியைச் சொல்லியிருப்பேன். இப்போது வாய் இல்லை. சாக்பீஸை வாங்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. குச்சிகளைக் காட்டினேன்.

யாழினி எழுந்து வந்தாள். "எங்க, ரெண்டு குச்சிலேர்ந்து ஏழு எடு பாக்கலாம்" என்றாள்.

"ஏழுலேர்ந்து ரெண்டு எடுத்தேன்."

"அத யாரு எடுக்கச் சொன்னா? கூடைல ரெண்டு மீனு இருக்குது, ஏழு குடுன்றாங்க. எப்பிடிக் குடுப்ப?"

கிஷோர் மேசையைப் பார்த்தான். வகுப்பே மேசையைப் பார்த்தது. அந்தச் சமயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலை "ஏழு!" என்று ஏதோ ஒரு விடையைக் கத்தினாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பின் பெஞ்சில் ஜோசபின் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது கிஷோர் ஒரு கட்டை எடுத்து, என்னைப் பார்த்து, "அவுக்கலாமா மிஸ்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. அவனே ரப்பர் பேண்டை அவிழ்த்தான். பத்துக் குச்சி உதிர்ந்தது. "பன்னெண்டு! இப்ப ஏழு எடுக்கலாம்!" 25 என்று வந்தபோது வகுப்பு கைதட்டியது. அடுத்த நான்கு கணக்குகளை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துப் போட்டார்கள். முப்பது நிமிடப் பாடம் நாற்பத்தைந்து நிமிடம் போனது. சுவரைத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

மதியம் 2.30க்கு விடுதிக் கூடத்தில் கலந்துரையாடல். பயிற்சியாளர் என் வகுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பேசாமல் எடுப்பது என்ற முறையை எப்படி யோசித்தீர்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். முறையாம்! அதை அப்படியே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அஞ்சலை எனக்காக எழுந்து பேசத் தயாராக இருந்தாள். ஜோசபின் டீச்சர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே எழுந்தேன். இரண்டு நாள் ஓய்வில் கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது.

"இது முறையில்ல சார். எனக்குக் குரல் போயிட்டிருக்கு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சுட்டேன்" என்றேன். காற்றும் சத்தமும் கலந்து வந்தது. கூடம் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தது.

கடைசி வரிசையில் இருந்து கடலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுந்தார். மூன்று வருடமாகப் பிளாஸ்கில் வெந்நீரோடுதான் வகுப்புக்குப் போவதாகவும், வீட்டில்கூட அது டீ என்று சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். இன்னொரு டீச்சர், வெள்ளிக்கிழமை மாலை வந்தால் தன் பிள்ளையோடு பேசக்கூடக் குரல் இருக்காது என்றார். அன்று கணிதம் பற்றிப் பேச வேண்டிய ஒரு மணி நேரம் தொண்டையைப் பற்றிப் போனது. பயிற்சியாளர் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பயிற்சி முடிந்தது. ஜோசபின் டீச்சரின் கணவர் ஸ்கூட்டரோடு வந்து, அந்தப் பெரிய பெட்டியை எப்படி ஏற்றுவது என்று கால்மணி நேரம் யோசித்தார். பஸ் ஸ்டாண்டுவரை நானும் அஞ்சலையும் ஒரே ஆட்டோ. விழுப்புரம் பஸ் கிளம்பும்போது ஜன்னலில் இருந்து அவள் எனக்குக் கொடுத்த கடைசி அறிவுரை பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டது: "பேசாதீங்கக்கா!"

ஊருக்கு வந்து திங்கட்கிழமையே தலைமையாசிரியரிடம் சொன்னேன். நான் பயந்தது அப்படியே நடந்தது. ஐந்து வாரம் என் வகுப்பை இன்னொருவருக்கு மாற்றினார். பிள்ளைகள் வேறொரு டீச்சரின் பின்னால் வரிசையாகப் போவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். காலாண்டு விடுமுறை முடிந்ததும் வகுப்பு திரும்பக் கிடைத்தது. இப்போது குறைவாகப் பேசி எடுக்கிறேன். சில நாள் நன்றாகப் போகிறது. சில நாள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது, மேசையைத் தட்டுகிறேன்.

இப்படிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு மாலை ஐந்துக்குள் புதுச்சேரி சேர்ந்துவிடுங்கள், அதற்கு மேல் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவுக்கு அலைய வேண்டும். ஐந்து நாளும் தங்குவது, சாப்பாடு இலவசம். பஸ், ஆட்டோ, டீ, சுண்டல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 640 ரூபாய். ஆகஸ்டில் மாலையில் திடீர் மழை வரும், குடை வேண்டும். மீன்பிடிக் கரைக்குப் போனால் கயிற்றுக்கும் படகுக்கும் நடுவில் நிற்காதீர்கள். தனி அறை கேட்காதீர்கள். தொண்டை இரண்டு வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். பார்த்ததை யாரிடமாவது சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். குரலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவரை ஜோசபின் டீச்சர் புதுச்சேரியில் தேடிப் பிடித்துக் கொடுத்தார். மாதம் ஒரு சனிக்கிழமை போய் வருகிறேன். போன மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்கும் நாள் வந்தது. நான் கேட்காமலே விழுப்புரத்திலிருந்து அஞ்சலை வந்துவிட்டாள். ஜோசபின் டீச்சர் முதல்முறையாகத் தனியாக டவுன் பஸ் பிடித்து வந்தார், கணவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாராம். இருபது நிமிடம் கழித்து நான் வெளியே வந்தபோது இருவரும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்கள். வாயைத் திறக்க விடாமல் ஜோசபின் டீச்சர் பேனாவும் தாளும் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை.

"சுருங்கிடுச்சாம். ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாரு" என்றேன். மெதுவாக, ஆனால் உடையாமல்.

அஞ்சலை போட்ட கூச்சலில் மாடி வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். அவர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்து சொன்னார்: "ஏம்மா, ஆஸ்பத்திரில இப்பிடியா கத்துவீங்க?"

இந்த வருடம் என்னை யாராவது திட்டியதில் இவ்வளவு சந்தோஷப்பட்டது அப்போதுதான்.